சொல்லிவிட்டுத்தான் போனார்

அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, கரையை நோக்கி நகர்ந்து வருகிறது என்று புதன்கிழமையே சொல்லிவிட்டார்கள். அன்று எங்கள் மலையில் நல்ல வெயில். பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளைகள் குடைகளை விரித்து வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். எதிரே தேயிலைக்காடு துடைத்துவைத்தது போலத் துல்லியமாகத் தெரிந்தது. மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று போனில் வந்ததை நான் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த வருஷம் அப்படி எத்தனையோ வந்து போயிருந்தன. ஆரஞ்சு என்றார்கள், தூறல் போட்டது. சிவப்பு என்றார்கள், பள்ளிக்கு லீவு விட்டோம், அன்று பிள்ளைகள் மைதானத்தில் நாள் முழுக்கப் பந்து விளையாடினார்கள்.

இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் இருந்த தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் நான் பதினொரு வருஷம் டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளி. கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரி வேலை. அவர் அங்கே, நான் இங்கே. பள்ளியை ஒட்டிய குவார்ட்டர்ஸில் தனியாக இருந்துகொண்டு, லீவுக்கு லீவு ஊருக்குப் போய் வருவேன். அந்த வருஷம் தலைமை ஆசிரியை ஓய்வு பெற்றுப் போனதால், புது ஆள் வரும்வரை பள்ளிப் பொறுப்பு என்னிடம் வந்தது. சாவிக்கொத்து, முத்திரை, பதிவேடுகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. கூடவே, மழை வந்தால் பள்ளியை நிவாரண முகாமாகத் திறக்கும் பொறுப்பும் வந்தது.

பள்ளிக்கு மேலே சரிவில் இரண்டு லயங்கள் இருந்தன. லயம் என்றால் ஒரே தகரக்கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அதில் மேல் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயது. புருஷன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகளைப் போடிநாயக்கனூரில் கட்டிக்கொடுத்திருந்தார். பகலில் கொழுந்து பறிக்கப் போவார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தன் பசுவைக் கறந்து, பக்கத்து வீடுகளுக்கும் எனக்கும் பால் ஊற்றுவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் டீச்சர்.

பதினொரு வருஷமும் என் காலை அவரோடுதான் தொடங்கியது. ஆறரைக்குக் கதவைத் தட்டுவார். பாலை ஊற்றிவிட்டு உடனே போக மாட்டார். நிலைப்படியில் சாய்ந்து நின்று ஐந்து நிமிஷம் பேசுவார். கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டார். காலில் சேறு இருக்கிறது என்பார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து மூட்டுகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்போது மட்டும் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கஞ்சி வைத்தார், வெந்நீர் வைத்தார், என் தலையை வாரிப் பின்னிவிட்டார். "எம்மக மாதிரிலா இருக்கீக" என்றார். மகளைவிட நான் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் மழை தொடங்கியது. ஐப்பசி மழை மதியத்துக்கு மேல் இடியோடு வந்து இரவில் ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. வெள்ளிக்கிழமை காலை அக்கா பால் கொண்டுவந்தபோது, தலைக்கு மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ராத்திரி பூரா மாடு படுக்கவே இல்ல டீச்சர். நின்னுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும்னு நெனைக்கேன். இன்னையோட கறவைய நிப்பாட்டிருதேன். உங்களுக்கு ஒரு பத்து நாளைக்கு வேற எங்கயாச்சும்தான் பாலு வாங்கணும்."

கன்றுபோடப் போகும் மாட்டை இவ்வளவு நாள் கறந்திருக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எனக்காகத்தான் ஒரு டம்ளர் பால் விடாமல் கொண்டுவந்தார் என்று பிறகு யாரோ சொல்லித் தெரிந்தது.

பள்ளிக்கு அன்று பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். பத்து மணிக்கு வில்லேஜ் ஆபீசர் போன் செய்தார். கோட்டயத்துக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

"டீச்சரே, ரெட் அலர்ட் ஆக்கியாச்சு. பிள்ளைங்களை அனுப்பிட்டு ஹாலைத் தொறந்து வைங்க. மதியத்துக்குள்ள ரெண்டு லயமும் காலியாக்கணும். வந்த ஆளுங்க பேரை எழுதணும். எழுதின ஆள் ஒண்ணையும் வெளிய விடக்கூடாது, கேட்டோ."

"சரிங்க சார்" என்றேன்.

பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கினோம். சத்துணவு சமைக்கும் அம்மா பெரிய பாத்திரத்தில் கஞ்சிக்கு உலை வைத்தார். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, மலையாளத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு மேலே போனார்கள். நடுவில் ஊருக்கு ஒரு போன் போட்டேன்.

"ஏனுங்க, இங்க கேம்ப் தொறக்கச் சொல்லிட்டாங்க. இந்த வாரம் நான் வர்றதுக்கில்லீங்க."

"அங்க மழ எப்புடி?" என்று கேட்டார் கணவர்.

"வலுத்துட்டுதான் இருக்குதுங்க."

"பாத்து இரு புள்ள. போன தடவ மாதிரி எவனாச்சும் ஆட்டக் கொண்டாந்து கட்டி, நீ எழுதிக் குடுக்கறாப்புல ஆயிரப் போவுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது என் மனதில் ஏற்கெனவே இருந்ததுதான். ஆவணி மழைக்கு முகாம் திறந்தபோது, கீழ் லயத்துக்காரர் ஒருவர் மூன்று ஆடுகளைக் கொண்டுவந்து வராந்தாவில் கட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகாம் முடிந்த மறுநாள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். வராந்தா முழுக்கப் புழுக்கை. பிள்ளைகள் உட்காரும் இடம் இப்படியா என்று மற்ற டீச்சர்கள் முன்னால் வைத்துக் கேட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இருபத்தாறு வருஷ வேலையில் நான் எழுதிக் கொடுத்த ஒரே விளக்கம் அது. இன்னொரு தடவை அப்படி நிற்கக்கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். ஹாலில் எழுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் வாசலில் மேசை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். ஒரு கையில் துணிமூட்டை, இன்னொரு கையில் மாட்டுக்கயிறு. மாடு வயிறு தொங்க, மெதுவாகக் கால் வைத்துப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து கேட்டுக்குப் போனேன்.

"அக்கா, மாட்ட உள்ள கொண்டாரக் கூடாதுங்க."

"ஹாலுக்குள்ள இல்ல டீச்சர். பின்னால வெறகு கெடக்குற கொட்டகையில கட்டிக்கிடுதேன். ஒரு மூலை போதும். சாணியெல்லாம் நானே அள்ளி, கழுவிவிட்டுருதேன்."

"வேண்டாங்க அக்கா. போன தடவ என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்களா. அப்புறம் நாந்தான் பதில் சொல்லோணும்."

"கன்னு போடப் போற மாடு டீச்சர். அந்தத் தொழுவத்துல தண்ணி எறங்குது. மண்ணு வேற நெகுநெகுன்னு இருக்கு."

"உங்களுக்கு ஒண்ணு சரின்னா நாளைக்கு எல்லாரும் கொண்டாருவாங்க. எனக்குச் சங்கடத்த உண்டாக்காதீங்க."

எங்களைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் என் குரல் கொஞ்சம் கடுமையாக வந்தது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். மாட்டின் நெற்றியில் வழிந்த தண்ணீரைக் கையால் துடைத்துவிட்டார். பிறகு கயிற்றைக் கேட்டில் சுற்றிவிட்டு வந்து, மூட்டையை என் மேசைக்கு அடியில் வைத்தார்.

"அப்ப பேர எழுதிக்கிடுங்க. இத மறுபடி கொண்டுபோய்க் கட்டிட்டு வாரேன்."

பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டார். எழுதிய ஆளை வெளியே விடக்கூடாது என்று சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் மாட்டை வெளியே அனுப்பினால் கூடவே ஆளும் போகத்தானே வேண்டும்.

"சரிங்க அக்கா. சுருக்கா வந்துருங்க" என்றேன்.

"வந்துருதேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மாட்டைத் திருப்பிக்கொண்டு ஏறினார்.

விறகுக் கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சமையலறைக்குப் பின்னால், நாலு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டது. ஒரு பக்கம் விறகு, இன்னொரு பக்கம் கால் உடைந்த பெஞ்சுகள். நடுவில் இடம் இருந்தது. ஒரு மாடு அல்ல, மூன்று மாடு கட்டலாம். அங்கே கட்டியிருந்தால் ஹாலில் இருந்த யாருக்கும் தெரிந்தே இருக்காது. சாணியை அள்ளிவிடுகிறேன் என்று அவர் சொன்னால் அள்ளிவிடுவார். பதினொரு வருஷமாக என் வாசல்படியில் ஒரு துளி பால் சிந்தவிடாதவர்.

அதன் பிறகு வேலை என்னை இழுத்துக்கொண்டது. கரண்ட் போனது. கைக்குழந்தைக்காரிகளை ஆபீஸ் அறைக்கு மாற்றினேன். கக்கூஸில் தண்ணீர் வரவில்லை, டிரம்மில் பிடித்துவைத்தோம். மழை ஒரே அளவில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் ஓடியது. நாலரை மணிக்குக் கஞ்சி ஊற்றும்போது சமையல் அம்மா கேட்டார்.

"டீச்சர், பால்காரக்கா எங்க? மூட்ட மட்டுந்தான் இங்க இருக்கு."

"மாட்டக் கட்டிட்டு வர்றேன்னாங்க. வந்துருவாங்க" என்றேன்.

யாரையாவது மேலே அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அப்போது பத்து ஆண்கள் வராந்தாவில் சும்மா பீடி குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். சொன்னால், அவரை வெளியே விட்டது நான்தான் என்று தெரிந்துவிடும். அந்த யோசனை அப்போது என் மனதில் ஓடியதா, இல்லை பின்னால் நானே சேர்த்துக்கொண்டதா என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தரைக்கு அது நடந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. லாரியில் இருந்து ஜல்லி சரித்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். உடனே பச்சை மண் வாசனை அடித்தது. புதிதாகக் கிணறு வெட்டும் இடத்தில் அடிக்குமே, அது. வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ, "மேல் லயத்துப் பக்கம்" என்றார்கள். ஆண்கள் ஓடினார்கள். நான் கேட்டுவரைக்கும் போய் நின்றேன்.

மேல் லயம் அப்படியேதான் நின்றது. அதற்குப் பின்னால், மண்திட்டை வெட்டிக் கட்டியிருந்த மாட்டுத் தொழுவங்கள் மட்டும் போய்விட்டன. அக்காவை முக்கால் மணி நேரத்தில் எடுத்தார்கள். தொழுவத்தின் சுவரும் உத்தரமும் இடது காலின் மேல் விழுந்து கிடந்தன. கையில் தேயிலைச் செடி கவாத்து செய்யும் கத்தி இருந்ததாம். கயிற்றை அறுத்து மாட்டை வெளியே விரட்டியிருக்கிறார். மாடு தப்பித்தது, அவரால் திரும்ப முடியவில்லை. இரண்டு மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். மாட்டுக்கு வலி கண்டுவிட்டது, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

ஒரு கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளி வழியாகத்தான் இறங்கினார்கள். கீழே ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் அதுவரை சுமந்துபோய், அந்தப் பக்கம் ஜீப் பிடிக்க வேண்டும். கேட்டைத் தாண்டும்போது அவர் கண்கள் திறந்திருந்தன. நான் "அக்கா" என்றேன். அவர் ஏதோ சொன்னார், மழையில் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் திரும்பி, "மூட்டைய எடுத்து வைக்கச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை மழை நின்றுவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு வலுவிழந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். எஸ்டேட்டில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வில்லேஜ் ஆபீசர் வந்தார். தூக்கமில்லாமல் அவர் கண்களும் சிவந்திருந்தன. பதிவேட்டைப் புரட்டினார். அக்காவின் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது.

"இங்க வந்து ஒப்பு போட்ட ஆள் எப்படி டீச்சரே அங்க போச்சு? உங்ககிட்டச் சொல்லிட்டா போனாங்க?"

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. மேலே எழுதி அனுப்ப வேண்டும், அதற்காகக் கேட்டார். ஆமாங்க, மாட்டைக் கட்ட இடம் கேட்டார், நான் கொடுக்கவில்லை, கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொன்னார், நான் சரி என்றேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனால் இன்னொரு விளக்கம்.

"இல்லீங்க சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, 'முகாம் பொறுப்பாளரிடம் தெரிவிக்காமல் வெளியேறினார்' என்று எழுதினார். அடியில் நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

கேட்டில் நடந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள் அல்லவா, அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். நான் மாட்டை மறுத்ததைப் பார்த்தார்கள். கடைசியில் "சுருக்கா வந்துருங்க" என்று நான் சொன்னது அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது. தவிர, டீச்சர் எழுதியதை மாற்றிச் சொல்லும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இரண்டே நாளில் லயத்தில் பேச்சு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. மாட்டு மேல் உள்ள ஆசையில், யாருக்கும் சொல்லாமல் நழுவிப் போய்க் காலைக் கொடுத்துவிட்டாள். பரிதாபமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அப்படித்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போடியிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளை நான் முன்பே ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன். அம்மாவின் கட்டிலருகே நின்று அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு சொன்னாலும் கேக்கவே மாட்டியாம்மா நீ? அத்தன பேரும் உள்ள இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன? டீச்சர்ட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லாம போயிருக்க. சொல்லியிருந்தா அவங்க உன்னைய விட்டிருப்பாங்களா?"

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கையில் ஆரஞ்சுப் பழங்கள் இருந்த பை. இப்போது அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மகள் என்னிடமிருந்து பையை வாங்கி, "உக்காருங்க டீச்சர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். அந்த ஸ்டூலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாட்டை இரண்டாம் நாள் தேயிலைக்குள் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் ஒரு கிடாரிக் கன்று நின்றது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இரண்டையும் மகள் விற்றுவிட்டாள். அம்மாவைப் போடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கொழுந்து பறிக்கிற வேலை ஒற்றைக் காலோடு செய்கிற வேலை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த வீட்டை அவர் நின்று பூட்டக்கூட வரவில்லை. மகள்தான் வந்து பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். மேசைக்கு அடியில் இருந்த துணிமூட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் பஞ்சாயத்தில் ஒரு கூட்டம் வைத்து, முகாம்களை நன்றாக நடத்தியவர்களைப் பாராட்டினார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். கணவரிடம் மட்டும் அந்த வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நீ என்ன புள்ள பண்ணுவே, ரூலு அப்புடி. எழுதுனதுதான் கொஞ்சம் தப்பாப் போச்சு" என்றார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சில காலம் ஓட்டினேன். பிறகு பாலக்காட்டுக்கு மாற்றல் கிடைத்தது. ஊரோடு வந்து, ஓய்வும் பெற்றேன்.

அந்த மழைக்கு நாலு வருஷம் கழித்து, கூட வேலை பார்த்த டீச்சரின் மகள் கல்யாணத்துக்குப் போடிக்குப் போக வேண்டியிருந்தது. அக்கா மகளின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு சந்துக்குள் இரண்டு அறை வீடு. மகள் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அக்கா பாயில் அமர்ந்து, மடிமேல் முறத்தை வைத்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். செயற்கைக்கால் சுவரோரம் சாய்ந்து நின்றது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"டீச்சர் இளைச்சுட்டீக" என்றார். "எலப்புள்ளியில பாலு நல்லாக் கெடைக்கா?"

காப்பி குடித்தோம். லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பேசினோம். வெளியே மேகம் கறுத்து வந்தது. மகள் எழுந்து கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"மழைன்னாலே எங்கம்மாவுக்குக் கால் வலிக்கும் டீச்சர், இல்லாத காலு" என்றாள். "அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு உள்ளேயே இருந்திருந்தா இப்பிடியா?"

இத்தனை வருஷமாக வைத்திருந்ததை நான் அப்போது சொன்னேன். எதுவும் விடாமல் சொன்னேன். அக்கா மாட்டைக் கொண்டுவந்தது, கொட்டகையில் இடம் கேட்டது, நான் மறுத்தது, சொல்லிவிட்டுத்தான் அவர் போனார் என்பது, மறுநாள் நான் இல்லை என்று சொன்னது, எழுதியது. சொல்லும்போது அக்காவைப் பார்க்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல்கள் நிற்கவில்லை. பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தன.

மகள் துணிகளைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"எங்கம்மா சொல்லிட்டுத்தான் போனாங்களா?"

"ஆமாங்க."

"நாலு வருசமா ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக் காட்டியிருக்கேன் டீச்சர். உம் பிடிவாதத்துல போன காலுன்னு. எம்புள்ளைங்ககூட அப்பிடித்தான் சொல்லும், ஆச்சி சொல்லாமக் கொள்ளாம ஓடுனவங்கன்னு." அம்மா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"விடுடி" என்றார் அக்கா.

மகள் உள்ளறைக்குப் போனாள். பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏன் அக்கா சொல்லல?" என்று நான் கேட்டேன்.

அவர் முறத்தை இறக்கிக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க மொகத்தப் பாத்தேன். நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன். அன்னைக்குச் சொல்லல. சரி, மறுநா சொல்லுவீகன்னு நெனச்சேன். அப்புறம் நான் சொன்னா, டீச்சர் எழுதுனத வுட்டுட்டு எம்பேச்ச யாரு நம்புவா?" அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை, நடந்ததை வரிசையாகச் சொல்வதுபோல் இருந்தது. "அந்தக் கொட்டகையில எடம் இருந்துச்சுலா டீச்சர்."

"இருந்துச்சுங்க."

"அதான். அது ஒண்ணுதான் எனக்கு அடிக்கடி நெனப்பு வரும்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம் டீச்சர். அவ இருக்கையில சொல்லியிருக்க வேண்டாம். என்னைய வஞ்சா அவளுக்கு ஒரு ஆத்திரம் தீரும். இனிமே அவ யார வைவா? தன்னையத்தான வஞ்சுக்கிடுவா."

நான் அதை யோசித்திருக்கவில்லை. சொல்லிவிட்டால் என் நெஞ்சு லேசாகும் என்பது வரைதான் யோசித்திருந்தேன். அன்று கேட்டில் நின்று என்னைப் பற்றி மட்டுமே யோசித்தேன். இந்த வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது.

கிளம்பும்போது மகள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தூறல் விழத் தொடங்கியிருந்ததால் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் வந்து, "நீங்க எழுதுனது இன்னும் அங்க அப்பிடியேதான் இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றேன். "மாத்தி எழுதிக் குடுக்கறேங்க."

ஊருக்கு வந்த வாரமே எழுதினேன். முகாமில் இருந்து அவர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், அதற்கு நான் சம்மதித்தேன், முன்பு எழுதியது பொய் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வில்லேஜ் ஆபீஸ் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகலை மகளுக்கும் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. போடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்து போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"வந்துச்சு டீச்சர். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்" என்றாள்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டாங்க." பிறகு, "அம்மா குளிக்கிறாங்க, அப்புறமாப் பேசச் சொல்றேன்" என்றாள்.

அவர்கள் பிறகு கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.